நடுப்படுகைச் சிப்பிகள்

ஜனவரி 5

குழலி கோவையிலிருந்து இந்த டைரியை அனுப்பியிருக்கிறாள். ரிட்டையர் ஆன அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று மகளுக்குக் கவலை. அவள் அப்பா கொண்டுவரும் சிப்பிகளைக் கழுவி முடிக்கவே எனக்கு இந்த ஆயுள் போதாது என்பதை மறந்துவிட்டாள்.

இவர் கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக இருந்தார், நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. இருவருமே ஓய்வு பெற்றாயிற்று. சிப்பிக்கு மட்டும் ஓய்வு வயது கிடையாது. அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் பாறையை உடைத்து, கல்லாகிப்போன சிப்பிகளை இவர் எடுத்து வருவார். நான் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, இடுக்கில் இருக்கும் மண்ணை ஊசியால் கெல்லி, காயவைத்துக் கொடுப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதே வேலைதான். தில்லைநாயகத்தின் பெண்டாட்டிக்கு வளையல் உடைவதே சிப்பியால்தான் என்று என் தங்கை கேலி செய்வாள்.

இன்று சுண்ணாம்போடையிலிருந்து மூன்று பைகள் வந்திறங்கின. டாக்ஸி டிரைவரும் நானும் தூக்கி உள்ளே வைத்தோம். இவர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பார்த்து, பார்த்து என்று மேஸ்திரி வேலை பார்த்தார். குரல் வேறு கட்டியிருக்கிறது. ஐஸ் தண்ணீர் குடிப்பவருக்கு வேறென்ன வரும்?

ஜனவரி 9

இந்த மூன்று பைகள் ஏன் வந்தன என்று எழுதிவைக்கிறேன். குழலி என்றாவது படித்தால் புரியட்டும்.

சுண்ணாம்போடையின் கரை செங்குத்தாக ஐந்தாள் உயரம். அடியில் சாம்பல் களிமண், நடுவில் மஞ்சள் மண், மேலே மணல் கலந்த சுண்ணாம்பு. அந்த இடமெல்லாம் கடலாகக் கிடந்த காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த படுகைகள். கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. அடிப்படுகையில் கிடைக்கும் சிப்பி தட்டையாக இருக்கும். மேற்படுகைச் சிப்பிக்குக் கிளி மூக்கு மாதிரி அலகு வளைந்திருக்கும். தட்டைதான் காலப்போக்கில் வளைந்தது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வளைந்ததா, நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு ஒரே தாவாகத் தாவியதா என்பதில்தான் சண்டை.

இவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்சி. வாத்தியாரானதிலிருந்து அந்தக் கட்சிதான். இரண்டு வருஷமாக நடுப்படுகையில் அரைவளைவுச் சிப்பிகளாகவே கிடைக்கின்றன. அதை வைத்துப் போன வருஷம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினார். உடன் எழுதியவர் அன்வர்தீன். இவரிடம் படித்தவர், இப்போது இவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் துறைத்தலைவர். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். நடுப்படுகைச் சிப்பிகளின் படம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம். அதற்குத்தான் இந்தப் பைகள்.

அன்வர் போனில் சொன்னபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழலி பிறந்தபோதுகூட இவ்வளவு பல் தெரியவில்லை.

ஜனவரி 12

மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பினோம். வழியில் நாலைந்து இடத்தில் நின்றுவிட்டார். கேட்டால், அந்த வீட்டு வாசற்படிக் கல்லைப் பார்க்கிறாராம், இந்தக் கோயில் சுவரைப் பார்க்கிறாராம். ஒரு இடத்தில் வெறும் சிமெண்டுச் சுவர். அதையும் பார்த்தார்.

ஜனவரி 17

பொங்கலுக்குக் குழலி வந்து போனாள். அப்பா இளைத்துவிட்டார் என்றாள். வயிறு இளைக்கவில்லையே என்றேன். இவர் கீழே உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். படுப்பதும் இப்போது நாற்காலியில்தான், மூன்று தலையணை முதுகுக்கு. படுத்தால் சளி தொண்டைக்கு வருகிறதாம். கால் வீங்கியிருக்கிறதே என்று கேட்டதற்கு, டாக்ஸியில் தொங்கப்போட்டு உட்கார்ந்தது என்றார்.

வயதானால் ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சலுகை கேட்கும். நமக்கு யார் கொடுக்கிறார்கள்?

ஜனவரி 23

இன்று முதல் பையைப் பிரித்தேன். மனசு சரியில்லை.

பாறைக்குள் பதிந்திருக்கும் சிப்பி எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள மண் அதன் இடுக்கில் இறுகிக் கிடக்கும். கரையிலிருந்து பெயர்ந்து விழுந்து, ஓடைத் தரையில் வருஷக் கணக்கில் வெயில் தின்ற சிப்பி அப்படி இருக்காது. மேல்பக்கம் வெளுத்து, மண்ணில் கிடந்த பக்கம் கறுத்திருக்கும். அதை உதிரி என்பார்கள். உதிரி எந்தப் படுகையிலிருந்து விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அது ஆதாரமாகாது. உதிரியைக் கையால் தொடக்கூடாது என்பது இவர் சட்டம். ஒரு தடவை உதிரியைப் பொறுக்கிய மாணவனை அத்தனை பேர் முன்னாலும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்.

பையில் 'நடுப்படுகை' என்று இவர் கையெழுத்து. உள்ளே இருப்பதெல்லாம் ஒருபக்கம் வெளுத்தவை.

ஜனவரி 24

மூன்று பையும் அப்படித்தான். எந்த இடுக்கிலும் மஞ்சள் மண் இல்லை.

சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். மேற்படுகையிலிருந்து வந்த பழைய சிப்பி ஒன்றை, நன்றாக வளைந்த அலகு உள்ளது, துணி துவைக்கும் கல்லில் வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அலகின் நுனி மழுங்கியது. கடைசியில் பார்த்தால் அரைவளைவு. பைக்குள் கிடப்பவற்றோடு கலந்துவிட்டால் எனக்கே அடையாளம் தெரியாது.

மழைத் தண்ணீரில் உருண்டு தேய்ந்தவைதான் இந்த நடுச்சிப்பிகள். இவருக்கா இது தெரியாது? எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். தெரிந்தே எழுதியிருக்கிறார். முப்பது வருஷம் இந்த மனிதருக்காக நகக்கண்ணில் மண் சுமந்திருக்கிறேன். இன்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். எரிச்சலாகவும் கேவலமாகவும் இருந்தது.

ஜனவரி 26

இவரோடு பேசவில்லை. குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதற்கு நான் என்ன செய்ய?

பிப்ரவரி 3

பழைய பள்ளியில் ஒரு ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள் என்று பரிணாமப் பாடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போய் எனக்குப் பிடித்த நரம்பைப் போர்டில் வரைந்தேன்.

குரல்வளைக்குப் போகும் நரம்பு மூளையிலிருந்து புறப்படுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம். நேரே போனால் முடிந்தது. ஆனால் இடப்பக்க நரம்பு தொண்டையைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயை அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறித் தொண்டைக்கு வருகிறது. மீனில் அதுதான் நேர்வழி, மீனுக்குக் கழுத்து கிடையாது. கழுத்து நீள நீள, இதயம் கீழே போகப் போக, குழாயின் அடியில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபட்டது. ஒட்டகச்சிவிங்கியில் அத்தனை பெரிய கழுத்தை இறங்கி ஏறுகிறது. புதிதாகத் திட்டம் போட்டுச் செய்பவர் யாரும் இப்படிச் செய்ய மாட்டார். பழையதைத் திருத்தித் திருத்தி வந்தால்தான் இப்படி ஆகும்.

பிள்ளைகள் எல்லாம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஆதாரம் என்றால் இதுதான், எவரும் பொறுக்கி வந்து வைத்ததல்ல என்று சொன்னேன். யாரை நினைத்துச் சொன்னேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

பிப்ரவரி 8

இன்று கேட்டுவிட்டேன். எல்லாம் பாறையிலிருந்து எடுத்ததுதானா?

"பின்ன?" என்றார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குரல் வரவர காற்றாகத்தான் வருகிறது.

சரி, அடுத்த தடவை நானும் வருகிறேன், என் முன்னால் எடுங்கள் என்றேன். வெயில் என்றார், உனக்கு முட்டி வலிக்கும் என்றார், டாக்ஸி கிடைக்காது என்றார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு நானே டாக்ஸி பேசிவிட்டேன். அன்வருக்கு இந்த மாதக் கடைசிக்குள் படங்கள் போக வேண்டும்.

பிப்ரவரி 17

நேற்று நடந்ததை இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓடைக்குள் இறங்கியதும் இவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். தரை முழுக்க உதிரிகள், கைக்கெட்டும் தூரத்தில். நான் கரையைக் காட்டி ஏறச் சொன்னேன். கொஞ்சம் இரு என்றார். இருந்தேன். மறுபடி சொன்னேன். நக்கலாகத்தான் சொன்னேன், "ரெண்டு வருஷமா ஏறின கரைதானே, இன்னைக்கு என்ன?" என்று.

எழுந்தார். சுவரில் கை வைத்து இரண்டு எட்டு வைத்தார். அப்படியே கரையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பியபோது உதடு நீலமாக இருந்தது.

"என்னால முடியல வேதா" என்றார்.

டிரைவரும் நானும் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். இவர் எவ்வளவோ கனமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. குழலி பொங்கலுக்கே சொன்னாள்.

பிப்ரவரி 18

டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். இதயத்தின் இடப்பக்க வால்வு சுருங்கிக் கிடக்கிறது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலின் வேலை. ரத்தம் தேங்கி இடது மேலறை பெருத்துவிட்டது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இரண்டு வருஷம் முன்பே இவருக்குத் தெரியுமாம். ஏறக்கூடாது, உப்புக் கூடாது, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். இப்போது ஆபரேஷன் தாங்க மாட்டார்.

குரல் எப்போது போனது என்று கேட்டார். மார்கழியில், ஐஸ் தண்ணீரால் என்றேன். இல்லை, இதயம் பெருத்து மேலே இருக்கும் குழாயைத் தள்ளுகிறது, அதன் இடுக்கில் மாட்டி நசுங்குவது குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு, அது கொஞ்சம் வேடிக்கையான வழியில் போகும் என்று சொல்லிக் காகிதத்தில் வரைய ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. முழுதாக வரைந்து முடித்தார். நன்றாகப் புரிந்தது என்றேன்.

இருபத்தைந்து வருஷம் போர்டில் வரைந்திருக்கிறேன். அந்த நரம்பு எங்கே போகிறது, எதைச் சுற்றுகிறது, எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரண்டு வாரம் முன்பு, இவர் அடுத்த தெருவில் எங்கள் வீட்டில் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தபோதுதான் வரைந்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிப்ரவரி 21

நீர் கொஞ்சம் வடிந்திருக்கிறது. பேசினார். காதை வாய்ப்பக்கம் கொண்டுபோனால்தான் கேட்கிறது.

இரண்டு வருஷம் முன்பு ஒருநாள் கரையில் பாதி ஏறி, முடியாமல் இறங்கிவிட்டாராம். வெறுங்கையோடு வர மனசில்லை. கீழே பார்த்தால் அரைவளைவுகள் கிடந்தன. "நடுவுல அதுதான் இருக்கும்னு எனக்கு நிச்சயமாத் தெரியும் வேதா. அங்கேருந்து விழுந்ததுதானே, கைக்கு எட்டினத எடுத்துக்குவோம்னு எடுத்தேன். அடுத்த தடவ ஏறிச் சரிபாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். அடுத்த தடவையும் ஏற முடியவில்லை. அதற்கடுத்த தடவை ஏறிப் பார்க்கவே பயமாக இருந்ததாம்.

கூட யாரையாவது அழைத்துப் போயிருக்கலாமே என்றேன். போனால் ஏன் ஏறவில்லை என்று கேட்பார்களாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். நீ ஓடைப் பக்கமே விடமாட்டாய் என்றார். விட்டிருக்க மாட்டேன், அது உண்மைதான்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நடுப்படுகையில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். அன்வரை அனுப்புகிறேன் என்றேன்.

"நீயே ஏறு. அவன் என்மேல இருக்கிற மரியாதைல எதையாவது கண்டுபுடிச்சிருவான்."

பிப்ரவரி 22

குழலி லீவு போட்டு வந்திருக்கிறாள். அவளை அப்பாவோடு வைத்துவிட்டு அன்வரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

பிப்ரவரி 25

ஏறினேன். அன்வர் மேலே மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, கீழே வந்து பிடித்துக்கொண்டார். முட்டி இரண்டும் கெஞ்சியது. அறுபது வயதில் எனக்கு இது தேவையா என்று வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டினேனோ அவர் அங்கே இல்லை என்பதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டு அழுதேன். அன்வர் தலையைக் குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் மண் பூராவும் சிப்பி. அடியிலிருந்து மேல்வரை பார்த்தேன். கீழ்ப்பாதியில் எல்லாம் தட்டை. பிறகு ஒரு கையளவு உயரத்தில் தட்டையும் வளைந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதற்கு மேல் வளைந்தவை மட்டும். அரைவளைவு ஒன்றுகூட இல்லை. வெயில் இறங்கும்வரை தேடினேன். ஒன்றாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டும் சேர்ந்திருக்கும் ஒரு துண்டைப் பாறையோடு பெயர்த்தேன்.

பிப்ரவரி 26

குழலி ஆஸ்பத்திரிக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள், அப்பாவிடம் அரைவளைவு இருக்கிறது என்று சொல்லிவிடேன் அம்மா, என்ன குறைந்துபோகிறது என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாடிப்படி ஏறும்வரை சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

இவர் கேட்கவில்லை. கையை நீட்டினார். துண்டை வயிற்றின்மேல் வைத்தேன். முதலில் மண்ணைத் தடவினார், விரலை முகத்துக்கு நேரே கொண்டுவந்து மஞ்சளைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் தட்டைச் சிப்பியைத் தடவினார், அடுத்ததன் அலகைத் தடவினார்.

"பாறையோட எடுத்தியா?"

"பாறையோடதான்."

"நடுவுல வேற?"

"இல்லைங்க. ஒண்ணுகூட இல்ல."

கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று குழலி என் தோளைப் பிடித்தாள். அழவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆயிற்று. அப்போ வேறு எங்கேயோ, தனியாக ஒதுங்கிய கூட்டம் ஒன்றில் மாறியிருக்கிறது, மாறிமுடித்து இங்கே வந்து தட்டையோடு சேர்ந்து வாழ்ந்திருக்கிறது என்றார். அந்த இடத்தைத் தேட வேண்டும் என்றார். இதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை ஆக்ஸிஜனை மாட்டிவிட்டோம்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடச் சொன்னார். நீங்கள் வீட்டுக்கு வந்ததும் செய்யலாம் என்றேன். பொய் என்று சொன்னால் இது ஒன்றுதான் சொன்னேன்.

மார்ச் 3

இன்று காலை இவர் போய்விட்டார்.

மார்ச் 11

வந்தவர்கள் எல்லாம் திடீரென்று போய்விட்டாரே என்கிறார்கள். திடீரென்று இல்லை. மார்க்கெட்டுச் சுவரை எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் போனார். நான் இந்த டைரியிலேயே எழுதிவைத்திருக்கிறேன், கேலியாக.

மார்ச் 19

அன்வர் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தோடு வந்தார். காரணம் என்ற இடத்தில், 'சில மாதிரிகளின் படுகையை உறுதிசெய்ய இயலவில்லை' என்று போட்டிருந்தார். தப்பில்லாத வாக்கியம். யாருக்கும் வலிக்காது.

அதை அடிக்கச் சொன்னேன். நான் சொன்னபடி எழுதச் சொன்னேன். 'மாதிரிகள் ஓடைத் தரையிலிருந்து எடுக்கப்பட்டவை. சேகரித்தவரால் கரையில் ஏற முடியவில்லை. உடனிருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.'

சார் பேர் கெட்டுவிடும் மேடம் என்றார். கெடட்டும், உதிரியைப் பொறுக்கியவரை அவரே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருப்பார் என்றேன். அன்வருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதல் இரண்டு வாக்கியத்தை எழுதினார். மூன்றாவதற்கு வந்து பேனாவை வைத்துவிட்டார்.

"உடனிருந்தவங்கன்னா நானும்தானே மேடம்? மாசாமாசம் படம் எங்கே, படம் எங்கேன்னு போன் பண்ணினது நான்தானே?"

"மொதல்ல நான். அப்புறம்தான் நீங்க."

மூன்றாவது வாக்கியத்தைப் பத்திரிகையில் எப்படியும் வெட்டிவிடுவார்கள் என்றார். தெரியும் என்றேன். வெட்டுவது அவர்கள் வேலை, எழுதுங்கள் என்றேன். அவர் எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.